புலிக்கு எத்தனை ஆடு? ஆட்டத்தில் சமன் பற்றிச் சில குறிப்புகள்

புலியூர் என்று முடிகிற ஊர்கள் நம் பக்கத்தில் சில உண்டு. சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று இன்னொரு பெயர். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற வழியில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, காடாம்புலியூர். இன்று இங்கெல்லாம் புலி கிடையாது. புலி மிச்சமிருப்பது திண்ணையிலும் கோயில் மண்டபத் தரையிலும் கீறிய கோடுகளில்தான். அந்த ஆடுபுலி ஆட்டத்தை முன்வைத்து ஒரு கேள்வியை எழுப்பலாம்: பலத்தில் ஒன்றுக்கொன்று ஈடில்லாத இரண்டு தரப்பை எதிரெதிரே நிறுத்திவிட்டு, 'ஆட்டம் சரியாத்தான் இருக்கு' என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இந்தக் கேள்வியைக் கணக்காகவே மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதைசொல்லி, அவரே நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் ஏற்கிறார்கள். வாயால் சொல்லி, பகடை உருட்டி, கதை நகர்கிறது. வழியில் அரக்கர்கள் எதிர்ப்படுவார்கள். எந்த அரக்கனை எப்போது நிறுத்துவது என்பது நடுவரின் தலைவலி. நோஞ்சானை நிறுத்தினால் சுவாரஸ்யம் இல்லை. பெரிசாக நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் எல்லோரும் செத்துப் போவார்கள்.

முதலில் ஓர் அரக்கனின் உயிருக்கு எத்தனை பகடை என்பதே அவனுடைய வலிமைக்குத் தோராயமான அளவாக இருந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு 'சவால் எண்' கொடுத்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பு அதை இப்படி விளக்கியது: நன்றாக ஓய்வெடுத்த, தகுந்த ஆயுதம் தரித்த நால்வர், தங்கள் படிநிலைக்குச் சமமான சவால் எண் உள்ள ஓர் அரக்கனை உயிர்ச்சேதம் இல்லாமல் வெல்ல முடிய வேண்டும். கூடவே ஒரு புள்ளிக் கணக்கும் தந்தது. முதல் படிநிலையில் இருக்கும் நால்வருக்கு 400 புள்ளி என்பது உயிருக்கு ஆபத்தான எல்லை. ஓகர் என்ற ராட்சசன் ஒருவனுக்கே 450 புள்ளி. கோப்ளின் என்ற குட்டிப் பிசாசுக்கு 50தான். நாலு கோப்ளின் சேர்ந்தால் 200 ஆக வேண்டும். ஆனால் எதிரிகள் மூன்று முதல் ஆறு பேர் என்றால் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்கு என்கிறது விதி. ஆக 400. நாலு பொடிசுகள் சேர்ந்து ராட்சசனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

இந்தப் பெருக்கல் ஏன்? நாலு பேர் என்றால் ஒரு சுற்றில் நாலு முறை கை ஓங்கலாம். ராட்சசனுக்குப் பெரும்பாலும் ஒரு முறைதான். பலம் என்பது உடம்பில் இருப்பதைவிட முறையில், அதாவது எத்தனை தடவை நமக்கு வாய்ப்பு வருகிறது என்பதில், கூடுதலாக இருக்கிறது. 2024இல் வந்த திருத்திய நூலில் இந்தப் பெருக்கலைக் கைவிட்டு, கணக்கைச் சுலபமாக்கிவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதே கவனிக்க வேண்டிய விஷயம்.

இனி நம் கட்டத்துக்கு வருவோம். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடு யாரையும் வெட்டாது. சவால் எண் முறைப்படி பார்த்தால் ஆட்டின் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தைப் பதினைந்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? ஆனால் ஆடு ஜெயிக்கிறது. புலி சாவதில்லை, நகர இடமில்லாமல் அடைபட்டுப் போகிறது. சரி, இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? ஓர் ஆட்டுக்குப் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருந்தால்தான் புலி தாண்ட முடியும். அங்கே இன்னோர் ஆடு நின்றால் முடியாது. ஓர் ஆட்டின் பலம் அதற்குப் பின்னால் நிற்கிற ஆடு. இதை எந்தக் காய் மீதும் எண்ணாக எழுதி ஒட்ட முடியாது. பலம் காய்களுக்கு இடையில் இருக்கிறது. ஆடு ஒவ்வொன்றாக இறங்குகிற முதல் கட்டத்தில் அந்த இடைவெளிகள் திறந்து கிடக்கும். அப்போது புலிக்குக் கொண்டாட்டம். பதினைந்தும் இறங்கிய பிறகு நிலைமை வேறு. அதே காய், அதே பலம், வேறு நேரம்.

நேபாளத்தின் பாக்-சால் ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. இரண்டிலும் ஒரு புலிக்கு ஐந்து ஆடு என்பது வேடிக்கையான ஒற்றுமை. அந்த ஆட்டத்தை லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணினி அறிஞர்கள் ஆராய்ந்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று நிறுவினார்கள். சமன்தான். ஆனால் காய்களின் மதிப்பைக் கூட்டி அவர்கள் இதைச் சொல்லவில்லை. எண்ணற்ற நிலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்துத்தான் சொன்னார்கள். வேறு குறுக்குவழி இல்லை.

தென்னார்க்காட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகாசுரன் வதம் நடக்கும். வண்டி நிறையச் சோற்றோடு பீமன் போவான். அந்தக் கதையில் அசுரனின் பலம் எதில் இருக்கிறது? ஊருக்கும் அவனுக்கும் ஓர் உடன்படிக்கை: முறை வைத்து வீட்டுக்கு ஓர் ஆள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதை கேட்பதில்லை. ஒவ்வொருவராக வர வைத்ததே அவன் பலத்தில் பாதி. ஆட்டின் பின்னால் ஆடு நிற்காத கட்டம் அது. இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்றை 1987இல் 'டிராகன்' இதழின் தலையங்கத்தில் ரோஜர் மூர் எழுதினார். கோபால்ட் என்ற, இருப்பதிலேயே அற்பமான பிராணிகள், குறுகலான சுரங்கம், நெருப்பு, பொறி இவற்றின் துணையோடு பெரும் வீரர்களை ஓட ஓட விரட்டிய கதை. எண் அப்படியே இருந்தது. களமும் கூட்டும் மாறின.

இதில் இன்னொரு விஷயமும் மறைந்திருக்கிறது. சவால் எண் யாருடைய இடத்திலிருந்து அளக்கப்படுகிறது? நால்வரின் இடத்திலிருந்து. கோப்ளினுக்கு அந்த நால்வர் எவ்வளவு ஆபத்து என்று அந்த எண் சொல்வதில்லை. மையத்தில் நிற்பவனுக்கு எண் தேவைப்படாது. விளிம்பில் நிற்பவன் மேல்தான் எண் ஒட்டப்படும். ஆடுபுலியில் அப்படி இல்லை. இந்த ஆட்டம் நான் புலி, அடுத்த ஆட்டம் நீ புலி என்று பக்கம் மாற்றிக்கொள்ளலாம். சமனைச் சோதிக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

மேசையில் நடுவராக உட்காருபவர் பக்கம் மாற முடியாது. அவர் செய்யக்கூடியது என்ன? எண்ணை முதல் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு சிலவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சுற்றில் எந்தத் தரப்புக்கு எத்தனை முறை? ஒரே அடியில் ஆளைச் சாய்க்கிற பலம் அரக்கனுக்கு உண்டா? களம் யாருக்குப் பழக்கம்? வருகிறவர்கள் ஓய்ந்து வருகிறார்களா, ஏற்கனவே மூன்று சண்டை முடித்துக் களைத்து வருகிறார்களா? (2014 நூல் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டது, ஒரே ஒரு சண்டை நடத்துகிறவருக்கு அந்தக் கணக்கு பொய்த்துப் போகும்.) கடைசியாக, தப்பி ஓட வழி இருக்கிறதா?

இவ்வளவும் பார்த்த பிறகும் கணக்கு தப்பலாம். அப்போது நடுவருக்கு ஒரு ஆசை வரும். திரைக்குப் பின்னால் உருட்டிய பகடையை மாற்றிச் சொல்லிவிடலாம், அரக்கனின் உயிரில் கொஞ்சம் குறைத்துவிடலாம், 'போகட்டும்பா, பிழைச்சுக்கட்டும்' என்று. கருணை போலத்தான் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து ஆடுகிறவர்களின் தீர்மானங்களுக்கு அர்த்தம் போய்விடுகிறது. எதைத் தேர்ந்தாலும் முடிவு ஒன்றே என்றால் அவர்கள் ஆடவில்லை, ஆட்டுவிக்கப்படுகிறார்கள். திண்ணைக் கட்டத்தில் இது சாத்தியமே இல்லை. எல்லாக் காயும் கண் முன்னால் கிடக்கிறது. புலி தாண்டுமா தாண்டாதா என்று இருவருக்கும் தெரியும்.

ஆகவே சமமான எதிரியைத் தயாரித்துக் கொடுப்பதல்ல நடுவரின் பொறுப்பு. எதிரி எவ்வளவு பெரியவன் என்பதை ஆடுகிறவர்கள் தாங்களே கணிக்கும்படி தடயங்களை முன்கூட்டியே களத்தில் போட்டு வைக்க வேண்டும்: எலும்புக் குவியல், காலியான ஊர், திரும்பி வராத வண்டி. பார்த்துவிட்டு அவர்கள் மோதட்டும், கூட்டம் சேர்க்கட்டும், இல்லை திரும்பிப் போகட்டும். விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தால் மூன்று புலியை எதிர்த்துப் பதினைந்து ஆடுகள் இறங்கலாம், தப்பில்லை.