தரவில் பதியாத தயக்கம்

அமெரிக்காவில் கட்சி வேட்பாளரை முதனிலைத் தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். தெற்கு கரோலினாவில் வாக்காளர் பதிவின்போதே இனமும் குறிக்கப்படுகிறது. அதனுடன் முந்தைய தேர்தல்களில் வாக்களித்த விவரத்தைச் சேர்த்து, வீடு வீடாகச் சென்று, ஒவ்வொருவரின் ஆதரவையும் 1 முதல் 5 வரை மதிப்பிட்டுப் பரப்புரைக் குழுக்கள் தரவு திரட்டுகின்றன.

2007இல் கறுப்பின வாக்காளர் பலர் ஹிலாரி கிளின்டன் பக்கம் நின்றனர். பராக் ஒபாமாவுக்கு வெள்ளையர் வாக்களிப்பார்களா என்ற ஐயம் அவர்களில் பலருக்கு இருந்தது. 2008 சனவரி 3 அன்று, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் அயோவாவில் ஒபாமா வென்றதும் அந்த ஐயம் தளர்ந்தது. சனவரி 26இல் தெற்கு கரோலினாவில் அவர் 55 விழுக்காடு வாக்குகள் பெற்றார். கிளின்டன் பெற்றது 27. கறுப்பினத்தவரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் ஒபாமாவுக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு காட்டியது. முடிதிருத்தகங்களிலும் அழகு நிலையங்களிலும் அவருடைய அமைப்பாளர்கள் மாதக்கணக்கில் உரையாடியிருந்தனர்.

மதிப்பெண் ஒருவரின் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். அதன் காரணத்தைச் சொல்லாது. ஒடுக்கப்பட்டோரின் தயக்கம் பல வேளைகளில் வேட்பாளரைப் பற்றியதன்று. ஆதிக்கச் சமூகம் அவரை ஏற்குமா என்பதைப் பற்றியது. அதைக் கேட்டறியாத கணக்கெடுப்பு, மக்களை வாக்கு வங்கியாக மட்டுமே காணும்.