பேட்டரி ஸ்பிரேயர், கவாத்துக் கத்தரி வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் எலுமிச்சைத் தோப்புகளுக்குப் போகும்போது மோட்டார் ரூம் மூலையை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். பல இடங்களில் ஒரே காட்சிதான். இரண்டு மூன்று பேட்டரி ஸ்பிரேயர்கள் தூசி படிந்து கிடக்கும். "ஒரு வருஷம்கூட உழைக்கலீங்க சார், டூப்ளிகேட் சரக்கு" என்பார் தோட்டக்காரர். திறந்து பார்த்தால் டேங்க் நன்றாக இருக்கும், பம்ப் நன்றாக இருக்கும், மோட்டாரும் சுற்றும். செத்துப்போனது பேட்டரி மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் தானாகச் செத்ததில்லை. நாம் கொன்றதுதான்.

இப்போது ஸ்பிரேயரோடு நிற்கவில்லை. பேட்டரி கவாத்துக் கத்தரி, கையடக்க மர அறுப்பு ரம்பம், டிரில்லிங் மெஷின், புல்வெட்டும் கருவி எல்லாம் ஊருக்குள் வந்துவிட்டன. பெட்ரோல் செலவில்லை, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை, கவாத்துக்கு ஆள் கிடைக்காத காலத்தில் பேருதவி. ஆனால் இவற்றில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பேட்டரிக்குத்தான் போகிறது. அதனால் கருவியின் நிறத்தையும் பெட்டியில் உள்ள படத்தையும் விட்டுவிட்டு, பேட்டரியைப் பார்த்து வாங்கப் பழகுங்கள்.

ஒரு பெருக்கல் கணக்கு

பேட்டரி மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட், இன்னொன்று ஏ.ஹெச். இரண்டையும் பெருக்குங்கள். வருவது வாட் அவர். டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பதைப் போல, பேட்டரிக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று இது சொல்லும்.

வழக்கமான 16 லிட்டர் ஸ்பிரேயரில் 12 வோல்ட், 8 ஏ.ஹெச். பேட்டரி இருக்கும். 96 வாட் அவர். அதன் மோட்டார் சுமார் 36 வாட் எடுத்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். பழைய பேட்டரி என்றால் அதில் பாதி தேறலாம். இதே கணக்கைப் புல்வெட்டும் கருவிக்குப் போடுங்கள். 18 வோல்ட், 4 ஏ.ஹெச். என்றால் 72 வாட் அவர். நல்ல விளைந்த கோரையை வெட்ட 500 வாட் தேவைப்பட்டால் ஒன்பது நிமிடம்கூட வராது. ஆகவே வரப்பு ஓரம், வீட்டுத் தோட்டம் என்றால் பேட்டரி போதும். ஏக்கர் கணக்கில் களை வெட்ட வேண்டும் என்றால் இன்றைக்கும் பெட்ரோல் கருவிதான் சரி. கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது.

கவாத்துக் கத்தரியின் கதை வேறு. கிளையை வெட்டும் அந்த நொடியில் மட்டும்தான் அது மின்சாரம் குடிக்கிறது. அதனால் சின்ன பேட்டரியிலும் நெடுநேரம் உழைக்கும். என் கணிப்பில் எலுமிச்சை, மாதுளை, கொய்யா வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசையில் மிகவும் பிரயோசனமான கருவி இதுதான்.

ஸ்டிக்கர் சொல்வதும் பேட்டரி சொல்வதும்

18 வோல்ட் என்று ஒரு கம்பெனி போடும், 20 வோல்ட் என்று இன்னொன்று போடும், 21 வோல்ட் என்று மூன்றாவது போடும். மூன்றும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்தால் பெருக்கினால் 18, 21 இரண்டும் வந்துவிடும். 20 வோல்ட் வாங்கினால் கூடுதல் சக்தி என்று நினைத்து அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

இதைவிட மோசமானது "48 விஎஃப்", "88 விஎஃப்", "128 விஎஃப்" என்று ஒட்டி வரும் மலிவு சரக்கு. அது வோல்ட்டே இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கூடவே தரும் சார்ஜரைத் திருப்பி அதன் அவுட்புட் எண்ணைப் படியுங்கள். 21 வோல்ட் என்று போட்டிருந்தால், மேலே எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அது ஐந்து செல் வரிசை பேட்டரிதான்.

ஏ.ஹெச். எண்ணிலும் புளுகு உண்டு. அதற்குத் தராசு போதும். இந்தக் கருவிகளில் அதிகம் பயன்படும் 18650 ரக செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். நல்ல செல் என்றாலும் அதன் கொள்ளளவு 3.5 ஏ.ஹெச்.-ஐ ஒட்டித்தான் நிற்கும். ஐந்தே செல் உள்ள மெல்லிய பேட்டரியில் "6 ஏ.ஹெச்." என்று அச்சிட்டிருந்தால் அது நடக்காத காரியம். 4 ஏ.ஹெச். என்பதற்குப் பெரும்பாலும் பத்து செல்கள் வேண்டும். செல் மட்டுமே அரைக் கிலோவை நெருங்கும். கையில் எடுத்தவுடன் லேசாக இருந்தால் பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவி வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரே கம்பெனியின் ஒரே வோல்ட் வரிசையில் நில்லுங்கள். இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர் முதலில். பிறகு பேட்டரி இல்லாமல் வெறும் கருவியை மட்டும் வாங்கிச் சேர்க்கலாம். ராஜபாளையத்திலோ தென்காசியிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, கார்பன் பிரஷ், பிளேடு, சுவிட்ச் கிடைக்குமா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் கார்பன் தேயும் வேலை இல்லை, அதே பேட்டரியில் சற்றுக் கூடுதல் நேரமும் ஓடும். விலை கூடினாலும் தினமும் உழைக்கும் கருவிக்கு அதுவே லாபம்.

ஈய பேட்டரிக்கு ஒரு குணம், லித்தியத்துக்கு வேறு குணம்

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்கிறார்கள்.

விலை குறைந்த ஸ்பிரேயர்களில் வருவது ஈய-அமில பேட்டரி. இது காலியாகக் கிடந்தால் சாகும். உள்ளே தகடுகளின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏறாது. அதனால் அரை டேங்க்தான் அடித்தீர்கள் என்றாலும் அன்று மாலையே சார்ஜில் போட்டுவிடுங்கள். "முழுக்கத் தீரட்டும், பிறகு போடலாம்" என்பது தவறான பழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லாமல் கிடக்கும்போதும் மாதம் ஒருமுறை முழு சார்ஜ் தேவை. மல்டிமீட்டர் இருந்தால், சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஆறிய பேட்டரி 12.7 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். 8 ஏ.ஹெச். பேட்டரிக்கு 1.7 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஆறு ஏழு மணி நேரம் பிடிக்கும். காலியான பேட்டரியைப் போட்ட ஐந்தாவது நிமிடமே பச்சை விளக்கு எரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். சீக்கிரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அதற்குமேல் ஏற்றிக்கொள்ளும் திராணி போய்விட்டது என்று அர்த்தம்.

அப்படிப் போன பிறகும் புது ஸ்பிரேயர் வாங்க வேண்டாம். அதே அளவு பேட்டரி தனியாகக் கிடைக்கிறது. சிவப்பு, கறுப்பு வயர் மாறாமல் மாட்டினால் போதும். லித்தியம் பேட்டரியாக மாற்றினால் சார்ஜரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய சார்ஜர் அதற்கு ஆகாது.

லித்தியத்துக்கு எதிரி வெப்பம். 45 டிகிரிக்கு மேல் சூடான பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம் நண்பகலில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பைக் பெட்டிக்குள் வெயிலில் விட்டால் அதைவிட மோசம். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டு, வீட்டுக்குள் சார்ஜ் போடுங்கள். நெடுநாள் எடுத்து வைப்பதாக இருந்தால் முழு சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதி அளவில் வையுங்கள். ஈய பேட்டரிக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர்.

இரவெல்லாம் கட்டில் அடியிலும் வைக்கோல் போருக்குப் பக்கத்திலும் சார்ஜ் போட வேண்டாம். சிமென்ட் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். கீழே விழுந்து நசுங்கியது, உப்பியது, சூடு தணியாதது எதையும் மறுபடி சார்ஜரில் வைக்காதீர்கள். வெளியே மணலில் தனியாக வையுங்கள், குத்திப் பிரிக்காதீர்கள்.

ஸ்பிரேயரில் கவனிக்க

தூள் மருந்தை நேரடியாக டேங்கில் கொட்டாமல் வாளியில் கரைத்து, மூடியில் உள்ள வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். போர்டோ கலவையோ மற்ற தாமிர மருந்தோ அடித்த அன்று மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவினால்தான் பம்ப் வால்வு, நாசில் தப்பிக்கும். கையிலுள்ள விசையை விட்டதும் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பம்ப் வால்வில் தூசி சிக்கியிருக்கிறது. மோட்டார் ஓடியும் மருந்து வரவில்லையென்றால் முதலில் டேங்க் அடியில் உள்ள வடிகட்டியைப் பாருங்கள்.

நாசில் அடைத்தால் வாயால் ஊதும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைப் பெல்ட்டில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தெளிப்பானைவிட பேட்டரி ஸ்பிரேயர் நிற்காமல் ஒரே அழுத்தத்தில் நுண்துளியாக அடிக்கிறது. வேலைக்கு நல்லது, மூச்சுக்கு ஆபத்து. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்து விஷமேறி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆள் உயரம் வளர்ந்த செடிக்குள் நின்று விசைத்தெளிப்பானால் அடித்ததும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. நம் எலுமிச்சை மரம் அதைவிட உயரம். மருந்து தலைமேல்தான் விழுகிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் சுழித்துத் திரும்பி முகத்துக்கே வரும். அந்த மாதங்களில் விடிகாலையோடு முடித்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி, நீளக் கம்பி வைத்து, முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டையோடு அடியுங்கள். துண்டை மூக்கில் கட்டுவது கவசம் ஆகாது. நனைந்தால் மருந்தை மூக்கிலேயே பிடித்து வைத்தது போலாகும்.

கத்தரி விரலையும் கிளையாகத்தான் நினைக்கும்

கவாத்துக் கத்தரி 25, 30 மில்லிமீட்டர் தடிப்புள்ள பச்சைக் கிளையைச் சத்தமில்லாமல் நறுக்கிவிடும். விரல் எம்மாத்திரம்? கை பட்டதும் தானாக நிற்கும் வசதி விலை உயர்ந்த சில ரகங்களில் உண்டு. நம் ஊரில் விற்கும் மலிவு ரகங்களில் அதை எதிர்பார்க்காதீர்கள். தோல் கையுறை எலுமிச்சை முள்ளைத் தடுக்கும், பிளேடைத் தடுக்காது. வெட்டும் கிளையை மறு கையால் பிடிக்கும் பழக்கம் அருவாளிலிருந்து வந்தது. இதில் அந்தக் கை குறைந்தது ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். ஏணி நகர்த்தும்போதும், பிளேடு துடைக்கும்போதும், சிக்கிய குச்சியை எடுக்கும்போதும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் பேட்டரியோடு மாட்டி வைப்பது கூடவே கூடாது.

பின்கருகல் நோயால் காய்ந்த கிளைகளை வெட்டுகிறவர்கள் ஒவ்வொரு மரம் முடிந்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியால் பிளேடைத் துடையுங்கள். இல்லையென்றால் கருவியே நோயைத் தோப்பு முழுக்கக் கொண்டுபோகும். தடித்த வெட்டு வாய்களுக்கு 10 சதப் போர்டோ பசை தடவுங்கள். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். இரும்பு வாளியில் கரைக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் கரையுங்கள். மாலையில் பிளேடில் ஒட்டிய பால், சாறு எல்லாம் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் துரு பிடிக்காது. தீட்டும்போது சரிவான பக்கத்தை மட்டும் தீட்டுங்கள்.

அதைவிடத் தடித்த கிளைக்குக் கையடக்க ரம்பம். இரண்டு கையாலும் பிடியுங்கள், தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள், மரத்தில் ஏறி நின்றுகொண்டு வேண்டவே வேண்டாம். ரம்பத்தின் நுனி மரத்தில் பட்டால் முகத்தை நோக்கி எகிறும். முதலில் கிளையின் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு, சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. செயினுக்கு எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் செயின் மட்டுமல்ல, இழுத்து இழுத்துப் பேட்டரியும் சூடாகும்.

டிரில்லிங் மெஷின் சொட்டுநீர்க் குழாய்க்குத் துளை போடவும் வேலிக் கம்பத்துக்குத் திருகு மாட்டவும் போதும். கிணற்று வேலைக்கு அல்ல. கிரைண்டரில் அருவாள் தீட்டுகிறவர்கள் இரும்பு நீலம் பாயும் வரை அழுத்தாதீர்கள், பதம் போய்விடும். கிரைண்டரின் தகட்டு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கல் உடைந்து பறந்தால் முதலில் போவது கண்.

மானியம் எதிர்பார்க்கிறவர்கள் வாங்கிய பிறகு பில்லோடு வராதீர்கள். எந்தக் கருவிக்கு, எந்த மாடலுக்கு இப்போது மானியம் உண்டு என்பதை உழவன் செயலியிலோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்து, ஒப்புதல் வந்த பின் வாங்குங்கள். கடையில் பணம் கொடுக்கும் முன் டேங்கில் தண்ணீர் நிரப்பிக் கால் மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரியின் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஒரு வருடமாக அலமாரியில் உட்கார்ந்திருந்த ஈய பேட்டரி, புது ஸ்பிரேயருக்குள் இருக்கும் பழைய பேட்டரிதான்.

செத்த பேட்டரியை ஓடையில் வீசவோ குப்பையோடு எரிக்கவோ வேண்டாம். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளரே பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும். ஈய பேட்டரிக்குப் பழைய விலையும் உண்டு, புதுசு வாங்கும்போது அதைக் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.