முற்றுவதற்கு முன்னால்

கொல்லைப்புறக் குறிப்புகள் – 14

வெண்டைச் செடி பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். ஊருக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு வந்து பாருங்கள்; நுனியை ஒடித்தால் ஒடியாது, நார் நாராக வளையும். அது மட்டுமல்ல. காய் முற்றி உள்ளே விதை கெட்டியாகிவிட்டால், செடி தன் சத்தையெல்லாம் அந்த விதைக்கே கொடுத்துவிட்டுப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

போன ஆடியில் மாடியில் பத்துப் பைகளில் வெண்டை போட்டேன். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு; பைக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. 45 நாளில் பறிப்புக்கு வந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எதிர்வீட்டுக்கு, இஸ்திரி போடும் அண்ணனுக்கு, தெருக் கூட்ட வரும் அக்காவுக்கு என்று காய் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாளும் எண்ணிக் கொடுத்ததில்லை.

காய் பறித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் காணிக்கைப் பை என் வரிசைக்கு வருகிறது. பர்ஸில் ஒரு ஐந்நூறும் ஒரு நூறும் இருந்தன. விரல் ஐந்நூறைத் தொட்டது. பிறகு நகர்ந்து நூறை எடுத்தது. மாடியில் அள்ளிக் கொடுத்ததும் இதே விரல்கள்தான். அன்று பிரசங்கம் என் காதில் விழவில்லை.

காய் வாடிவிடும், அதனால் கொடுக்கிறோம். ரூபாய் வாடுவதில்லை, அதனால் வைத்துக்கொள்கிறோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மறுநாளுக்கென்று எடுத்து வைத்த மன்னா புழுத்து நாறியது என்று யாத்திராகமம் சொல்கிறது. பணத்துக்கு அந்த வாடை கிடையாது. முற்றிப்போவது வெளியே தெரியாது என்பதுதான் அதில் இருக்கும் ஆபத்து.

என் அம்மாவுக்கு இந்தத் தடுமாற்றம் இருந்ததில்லை. உலை கொதித்ததும் அரிசியை அளந்து முறத்தில் போடுவாள். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பு மேடையில் இருக்கும் பழைய பவுடர் டப்பாவில் போட்ட பிறகுதான் களைவாள். சாப்பிட்டு மீந்ததிலிருந்து எடுத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பா கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்பார்கள். மிசோரம் சபைகளில் 1910-இல் தொடங்கிய இந்த வழக்கம், அங்கே ஊழியத்தையே தாங்கும் தூணாக வளர்ந்தது. நம் திருநெல்வேலிச் சீமையிலும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஜனங்களின் காசிலேயே தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா பின்னாளில் அங்கேயே பேராயரானார். கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியவர் அவர்.

தோட்டம் போடுகிறவர்கள் மத்தேயு 23-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். பரிசேயர்கள் ஒற்தலாமில்கூடத் தசமபாகம் கொடுத்தார்கள். ஒற்தலாம் என்றால் நம் புதினாதான். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். தொட்டியில் கிள்ளிய புதினாவில்கூடப் பத்தில் ஒன்றைப் பிரித்தவர்கள், நியாயத்தையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்கள் என்றுதான் இயேசு கடிந்துகொண்டார். பத்தில் ஒன்று வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, உதிர்ந்த திராட்சையைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது. அவர்கள் கையேந்தி நிற்க வேண்டியதில்லை, தாங்களே வந்து எடுத்துக்கொள்ளலாம். இதை வாசித்த பிறகு, காம்பவுண்டுக்கு வெளியே சாயும் முருங்கைக் கிளையில் நாங்கள் கை வைப்பதில்லை. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, கூலிக்காரன் கூலியை விடியுமட்டும் உன்னிடம் வைத்திருக்காதே என்றும் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுத்தடித்துவிட்டு ஆலயத்தில் ஆயிரம் போடுவதை நான் காணிக்கை என்று சொல்லமாட்டேன்.

விதை என்று சொல்லிப் பணம் கேட்கும் பிரசங்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் விதைத்தால் லட்சம் அறுப்பாய் என்கிறார்கள். பவுல் கொரிந்து சபைக்கு விதைப்பைப் பற்றி எழுதியது எருசலேமில் இருந்த ஏழைகளுக்குப் பணம் திரட்டியபோது. கொடுக்கிறவனுக்குக் கிடைக்கும் பெருக்கம்கூட இன்னும் கொடுப்பதற்கென்றே அங்கே சொல்லப்படுகிறது. அதை வட்டிக்கணக்காக்குவது வேதத்தைப் புரட்டுவதுதான். பத்துப் பை வெண்டையிலும் மூன்று மாவுப்பூச்சிக்குப் போய்விட்டது. விதைத்ததெல்லாம் விளையும் என்று எந்தத் தோட்டக்காரனும் சொல்லமாட்டான்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். சம்பளம் வந்த அன்றே, பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் முன்னால், ஒரு தொகையை எடுத்துத் தனி உறையில் வைத்துவிடுகிறோம். பாதி சபைக்கு; மீதி தேவையில் இருக்கும் ஒருவருக்கு, அந்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். முதல் மாதம் கை நடுங்கியது. மூன்றாம் மாதம் அந்த உறை எதிர்வீட்டுப் பையனின் ஐடிஐ கட்டணமாகப் போனது.

நீங்களும் ஒரு உறை எடுத்து வையுங்கள். தொகை சிறியதாகவே இருக்கட்டும். முதலில் எடுத்ததாக இருக்கட்டும். இந்த ஆடிக்கு வெண்டை போடுகிறவர்கள், நல்ல செடி ஒன்றில் இரண்டு காயை மட்டும் பறிக்காமல் காயவிடுங்கள். தெருவுக்கே விதை கொடுக்க அது போதும்.