பிரிண்டருக்கு வைஃபை போதும், இன்டர்நெட் வேண்டாம்

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரை மணி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா போனோட வந்து நின்னாங்க. "தம்பி, ஒரு மனு அடிச்சுத் தர்றியா? காலைல முத பஸ்ஸுக்குப் போகணும்."

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இந்தக் கரையில விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தடைக்காலத்துக்கு அரசு குடுக்கிற நிவாரணப் பணம் அக்கா வீட்டுக்கு வரல. விண்ணப்பத்துல வங்கிக் கணக்கு எண்ணை ஒரு இலக்கம் தப்பா எழுதிட்டாங்க. திங்கக்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள். தங்கச்சிமடத்திலிருந்து நாப்பது கிலோமீட்டருக்கு மேல. பொண்ணு மனுவை போன்லயே டைப் பண்ணிட்டா. ஆனா இங்க ஜெராக்ஸ் கடை மூடியாச்சு.

என்கிட்ட பிரிண்டர் இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமைதான் வீட்டுல புது ரூட்டர் மாத்தினேன். அன்னைலருந்து பிரிண்டர் "ஆஃப்லைன்"னுதான் காட்டுது. அந்த ஒன்றரை மணி நேரத்துல நான் கத்துக்கிட்டதை இங்க எழுதி வைக்கிறேன். உங்களுக்கும் ஒருநாள் உதவும்.

முதல்ல ஒரு குழப்பம். வைஃபை வேற, இன்டர்நெட் வேற. ரூட்டர் வீட்டுக்குள்ள ஒரு சின்ன வலையமைப்பை உண்டாக்குது. போன், கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் அதுல உறுப்பினர்கள். போன் அனுப்புற பக்கம் ரூட்டர் வழியா நேரா பிரிண்டருக்குப் போயிடும். வெளியுலகத்துக்குப் போகவே வேண்டியதில்ல. காத்தடிச்சு கேபிள் அறுந்தாலும், ரூட்டருக்கு கரண்ட் இருந்தா பிரிண்ட் எடுக்கலாம். சந்தா கட்டி இன்டர்நெட் வழியா இயங்குற சில மாடல்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

அடுத்தது அலைவரிசை. புது ரூட்டர் ரெண்டு பெயர் காட்டிச்சு. ஒண்ணு சாதா, இன்னொண்ணு கடைசியில "5ஜி"ன்னு வர்றது. இது மொபைல் 5ஜி இல்ல, 5 கிகாஹெர்ட்ஸ். வீட்டுப் பிரிண்டர்கள்ல நிறைய மாடலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும். ஒரு பக்கம் அடிக்க பெரிய வேகம் தேவையில்லங்கிறதால, கம்பெனிக்காரங்க விலை குறைஞ்ச ரேடியோவை வைக்கிறாங்க. நான் அரை மணி நேரமா பிரிண்டர் திரையில "5ஜி" பெயரைத் தேடிட்டு இருந்தேன். அது வரவே வராது.

பாம்பன்ல 2016ல ஆரம்பிச்ச கடல் ஓசை வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸ்ல வருது. அதோட ஒரு அலையின் நீளம் சுமார் 3.3 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 12.5 சென்டிமீட்டர்தான். 5 கிகாஹெர்ட்ஸ்னா சுமார் 6 சென்டிமீட்டர். பொதுவா, அலை சின்னதாக ஆக கனமான சுவரைத் தாண்டுறப்போ அதிகமா பலம் இழக்கும். எங்க வீட்டு மாதிரி தடிச்ச பழைய சுவர் இருந்தா, பின்னறையில இருக்கிற பிரிண்டருக்கு 2.4தான் நல்லதும்கூட.

பாஸ்வேர்டு. பிரிண்டரோட சின்னத் திரையில ஒவ்வொரு எழுத்தா அம்புக்குறியை அமுக்கித் தேடி அடிக்கிறது பெரிய வேதனை. அதுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. புது ரூட்டரோட 2.4 வரிசைக்குப் பழைய ரூட்டரோட பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வச்சிடுங்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட ஒண்ணும் மாறக் கூடாது. பாதுகாப்பு முறையைக் கேட்டா டபிள்யூபிஏ2 குடுங்க. டபிள்யூபிஏ3 மட்டும் வச்சா பழைய பிரிண்டருக்குப் புரியாது. நான் இப்படி மாத்தி, பிரிண்டரை அணைச்சுப் போட்டேன். தானாவே சேர்ந்துக்கிச்சு.

ரூட்டர்ல டபிள்யூபிஎஸ் பட்டன் இருந்தா இன்னும் சுலபம். அதை அமுக்கி, ரெண்டு நிமிஷத்துக்குள்ள பிரிண்டர்லயும் அதே பட்டனை அமுக்கணும்.

சரி, முடிஞ்சதுன்னு அக்கா போனை எடுத்தா, அதுல பிரிண்டரே தெரியல! என் போன்ல தெரியுது, அவங்க போன்ல இல்ல. அப்புறம்தான் உறைச்சுது. வர்றவங்களுக்குன்னு தனியா வச்சிருக்கிற கெஸ்ட் வைஃபைல அவங்க போனைச் சேர்த்திருந்தேன். விருந்தாளி போன் வீட்டுச் சாதனங்களைத் தொடாம இருக்கத்தான் அந்த ஏற்பாடே. முதன்மை வைஃபைக்கு மாத்தினதும் பிரிண்டர் வந்துடுச்சு. போன் 5 கிகாஹெர்ட்ஸ்லயும் பிரிண்டர் 2.4லயும் இருக்கலாம், தப்பில்ல. ரெண்டும் ஒரே வலையமைப்புல இருக்கணும், அவ்வளவுதான்.

இன்னைக்கு வேலை செஞ்சது நாளைக்கு ஏன் நிக்குது? ரூட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் 192.168.1.7 மாதிரி ஒரு முகவரி குடுக்கும். கரண்ட் போய் வந்தா அது மாறலாம். கம்ப்யூட்டர் பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிட்டு இருக்கும். ரூட்டர் அமைப்புல அந்த முகவரியைப் பிரிண்டருக்குன்னு நிரந்தரமா ஒதுக்கி வச்சிட்டா இந்தத் தொல்லை இல்ல.

எதுவுமே நடக்கலன்னா, வைஃபை டைரக்ட்னு ஒரு வசதி இருக்கான்னு பாருங்க. ரூட்டரே இல்லாம போன் நேரா பிரிண்டரோட சேர்ந்துக்கும். அதுவும் இல்லன்னா யுஎஸ்பி கேபிள். அது கையில இருக்கட்டும்.

பத்து மணிக்கு மனு, பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் நகல், எல்லாம் ரெண்டு ரெண்டு பிரதி வந்துச்சு.

திங்கக்கிழமை சாயந்திரம் அக்கா மனு வாங்கிக்கிட்டதுக்கான ரசீதோட வந்தாங்க. "இதை ஒரு காப்பி எடுத்துக் குடு தம்பி, தொலைஞ்சு போச்சுன்னா மறுபடி அலையணும்." எடுத்துக் குடுத்தேன். பணம் இன்னும் வரல. பிரிண்டர் மேல அதோட முகவரியை எழுதி ஒட்டி வச்சிருக்கேன்.