நிலத்தைக் கேட்காமல் போட்ட கணக்கு



நிலக்கடலைச் செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? அது பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூ கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்து இறங்கும். அதன் நுனிதான் உள்ளே காயாகிறது. மண் இளகி இருந்தால் விழுது இறங்கும். இறுகி இருந்தால் இறங்காது. பறிக்கும்போதும் அப்படித்தான். காய்ந்து இறுகிய மண்ணில் செடியை இழுத்தால் காம்பு அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். கடலைக் காட்டில் வேலை செய்பவர் எவரும் அறிந்த செய்தி இது.

இந்தச் சிறிய செய்தியைச் சரியாக எடைபோடாததால் ஒரு பெரிய அரசு பெரும் நஷ்டம் அடைந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

ஒன்பது வார ஆய்வு

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். பிரிட்டனில் சமையல் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் கடும் பஞ்சம். அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்க நாடான டாங்கனிக்காவில் (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) ஏராளமான நிலம் புதர்க்காடாகக் கிடந்தது. அங்கே கடலை பயிரிட்டால் என்ன என்ற யோசனை பிறந்தது.

1946-இல் ஜான் வேக்ஃபீல்ட் என்பவரின் தலைமையில் மூவர் குழு ஒன்று ஆய்வுக்குச் சென்றது. சுமார் ஒன்பது வாரங்களில், பல இடங்களை விமானத்திலிருந்தே பார்த்து, குழு தன் அறிக்கையைத் தயாரித்தது. கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் 32 லட்சம் ஏக்கரில் கடலை பயிரிடலாம் என்றது அறிக்கை. 130 கிலோமீட்டர் நீளமும் 100 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு வயலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏறத்தாழ அவ்வளவு நிலம்! அதன் பெரும்பகுதி டாங்கனிக்காவில் இருந்தது. சிறிய அளவில் பயிரிட்டுச் சோதித்துப் பார்க்காமலே, 1947-இல் நாட்டின் நடுப்பகுதியில் உள்ள கோங்க்வா என்ற இடத்தில் வேலை தொடங்கியது.

மண் சொன்ன பதில்

முதலில் புதர்களே டிராக்டர்களை முறித்தன. ராணுவ டாங்குகளைக்கூட டிராக்டர்களாக மாற்றிக் கொண்டுவந்து பார்த்தார்கள். புதர் நீங்கியதும் மண் தன் குணத்தைக் காட்டியது.

கோங்க்வாவின் மண்ணில் களியும் குவார்ட்ஸ் மணலும் கலந்திருந்தன. களித்துகள்கள் மிகச் சிறியவை, 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவான குறுக்களவு கொண்டவை. ஈரமண் காயும்போது துகள்களுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் மிஞ்சுகிறது. அந்த நீரின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று நெருக்கமாக இழுக்கிறது. அதனால்தான் காய்ந்த களிமண் செங்கல் போல இறுகுகிறது. குவார்ட்ஸோ மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரண இரும்புக் கருவிகளைவிடக் கடினமானது. ஆகவே மழை நின்றதும் நிலம் பாறையாயிற்று. கலப்பைகளின் கொழு உப்புத்தாளில் தேய்த்ததுபோல் தேய்ந்தது. கடலையின் மெல்லிய விழுதுக்கும், அறுவடைக்கு வந்த இயந்திரத்துக்கும் அந்த மண் இடம் கொடுக்கவில்லை.

மழையும் கைகொடுக்கவில்லை. கோங்க்வாவில் ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழை பெய்யும். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது சுமார் 4,000 லிட்டர் நீர். 500 மி.மீ. என்றால் 20 லட்சம் லிட்டர்! கேட்பதற்குப் போதும் என்றே தோன்றும். ஆனால் அது சராசரி. எடுத்துக்காட்டாக, ஓர் ஆண்டில் 800, மறு ஆண்டில் 200 பெய்தாலும் சராசரி 500தான். பயிர் சராசரியைக் குடித்து வளர்வதில்லை. பூக்கும் வாரத்தில் அதற்கு ஈரம் வேண்டும்.

அங்கே வாழ்ந்த கோகோ மக்களுக்கு வறட்சியும் பஞ்சமும் புதியவை அல்ல. அவர்கள் சோளமும் கம்பும் விதைத்து, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். அவர்களுடைய அனுபவம் திட்டத்தின் கணக்கில் இடம்பெறவில்லை.

1951 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. நஷ்டம் 36 மில்லியன் பவுண்டு; அன்றைய மதிப்பில் சுமார் 48 கோடி ரூபாய்.

அந்த நிலம் உதவாத நிலமா? இல்லை. கோங்க்வா பின்னர் கால்நடைப் பண்ணையாயிற்று. அது அடங்கிய டொடோமா பகுதியில் இன்று சிறு உழவர்கள் கடலையும் பயிரிடுகிறார்கள். பயிரிலோ நிலத்திலோ குறையில்லை. எடைபோட்ட முறையில்தான் குறை.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊர் நிலத்தை எடைபோட விமானம் வேண்டாம். மூன்று வேலைகள் போதும்.

1. கண்ணாடிப் பாட்டிலில் சிறிது மண்ணும் ஒரு சிட்டிகை சலவைத்தூளும் போட்டு, 10 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகும் என்பது ஸ்டோக்ஸ் விதி. அதன்படி மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும். வண்டல் சுமார் 8 மணி நேரத்துக்குள் படியும். அதற்குப் பிறகும் கலங்கலாக நிற்பது களி. ஒவ்வொரு படிவின் உயரத்தையும் குறியுங்கள்.

2. இருபுறமும் திறந்த தகர டப்பாவை மண்ணில் சிறிது அழுத்தி, ஒரு லிட்டர் நீர் ஊற்றி, அது மண்ணுக்குள் இறங்கும் நேரத்தை அளவிடுங்கள். ஐப்பசியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை செய்யுங்கள். ஒரே நிலத்தின் இரண்டு முகங்கள் தெரியும்.

3. வயதான உழவர் ஒருவரிடம், கடந்த பத்து ஆண்டுகளில் எந்த ஆண்டு பயிர் பொய்த்தது, ஏன் பொய்த்தது என்று கேட்டு எழுதுங்கள். விளைந்த ஆண்டுகளைவிட விளையாத ஆண்டுகளே அதிகம் கற்றுத்தரும்.

இந்தக் குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். புதிய பயிர், ஆழ்துளைக் கிணறு என்று நாளை யாராவது உங்கள் ஊருக்குத் திட்டம் கொண்டுவரலாம். அப்போது அது பயன்படும். பிரிட்டிஷ் அரசு அந்த 36 மில்லியன் பவுண்டைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் உழவரால் அப்படி அடித்துவிட முடியாது. ஒரு போகம் பொய்த்தால் அடுத்த விதைக்குக் கடன் வாங்க வேண்டியவர் அவர். அவருக்காகவாவது, கலப்பை இறங்கும் முன் மண்ணைச் சோதித்துப் பாருங்கள்.