எதிரொலிச் சில்லைத் தேடி
அனலாக் கிட்டார் எதிரொலிப் பெடலின் உயிர்நாடி பக்கெட் பிரிகேட் சில்லு. 1969-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த இது, தீயணைக்க வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல ஒலியின் மின்னழுத்தத்தை மின்தேக்கிக்கு மின்தேக்கி தள்ளிவிடும். மாட்சுஷிட்டாவின் எம்என்3005-ல் 4096 படிகள். 10 கிலோஹெர்ட்ஸ் துடிப்பில் சுமார் 205 மில்லிவினாடி தாமதம். அதன் உற்பத்தி நின்று வெகுகாலமாகிறது.

தருமபுரியில் பெடல் கட்டுபவருக்கு, மின்னணு உதிரிபாகம் தேடச் சென்னை ரிச்சி தெருவைவிடப் பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம். கடைகளில் எளிதில் அகப்படுவதோ எக்கோ மைக் பெட்டிகளுக்கான பிடி2399. மலிவுதான், ஆனால் டிஜிட்டல். அனலாக்கே வேண்டுமென்றால் கூல்ஆடியோவின் வி3205 உண்டு. அது 5 வோல்ட்டில் ஓடுவது. எம்என்3005 இருந்த இடத்தில் அப்படியே செருக முடியாது.

பழைய எம்என்3005 சரக்கு என்று விலை குறைத்து வருபவற்றில், எழுத்தைச் சுரண்டி மறுபடி அச்சடித்த போலிகள் கலந்திருக்கும். அசிட்டோன் தோய்த்த பஞ்சில் கருப்பு ஒட்டினால் சந்தேகப்படலாம். ஒட்டாவிட்டாலும், சாக்கெட்டில் செருகி ஒலியைக் கேட்ட பிறகே பணம் கொடுப்பது நல்லது.