துணை என்னும் சொல்: விவிலியம் கூறும் பெண்ணின் பெருமை

கிறித்தவத் திருமணங்களில் தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தை ஓதுதல் பெருவழக்கு. மனிதன் தனித்திருத்தல் நன்றன்று எனக் கண்ட இறைவன் அவனுக்கொரு துணையை அமைத்த செய்தி அதன்கண் உள்ளது. அதனை விளக்குவோருள் ஒரு சாரார், துணையாவது முதன்மையானதற்கு அடுத்து நிற்பது என்றும், ஆதலின் பெண் ஆணுக்கு உதவுதற்பொருட்டே படைக்கப்பெற்றாள் என்றும், அவள் மதிப்பு அவ்வுதவியின் அளவினதே என்றும் கூறுவர். மணநாளன்று இவ்விளக்கத்தைக் கேட்டு இல்லம் புகும் பெண், தன்னைப் பற்றி இறைவன் கொண்ட கருத்தும் இதுவே போலும் என எண்ணுதல் இயல்பு. ஒரு சொல்லுக்குக் கூறும் பொருள் ஒருத்தியின் வாழ்நாள் முழுவதையும் ஆளுதல் கூடும். ஆதலின் அச்சொல் அப்பொருளைத் தருமா என ஆராய்தல் சமயவாணர்க்கே அன்றித் தமிழ் பயில்வார்க்கும் கடனாம். மூலமாகிய எபிரேயச் சொல்லையும் அதற்கு ஈடாக நிற்கும் தமிழ்ச் சொல்லையும் ஒருங்கு வைத்து நோக்கின், அவ்விளக்கத்திற்கு இரண்டிலும் இடமில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

சாயல்

துணை என்னும் சொல் வருவது இரண்டாம் அதிகாரத்தில். அதற்கு முன்னரே, முதல் அதிகாரத்தின் 26, 27ஆம் வசனங்களில், மக்கட்படைப்புக் கூறப்படுகிறது. ஆண், பெண் என்னும் இருபாலாரும் இறைவனது உருவிலே படைக்கப்பெற்றனர் என்பது ஆண்டுப் பெறப்படும் கருத்து. அங்கு வரும் 'ஆதாம்' என்னும் எபிரேயச் சொல் ஒருவனது இயற்பெயராகாது மக்கட்குலத்திற்குப் பொதுப்பெயராய் நிற்கிறது. 27ஆம் வசனம் ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிதலே இதற்குச் சான்று.

1871இல் முழுமை பெற்ற திருத்தத்தை அடியாகக் கொண்டு சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, 'மனுஷன்', 'அவன்' என ஆண்பால் ஒருமையில் தொடங்கி, ஈற்றில் 'அவர்கள்' எனப் பன்மைக்கு மாறுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமோ 'மானிடர்' எனத் தொடக்கம் முதலே பலர்பாலை ஆளுகிறது. தமிழில் உயர்திணை ஒருமை ஆண்பால், பெண்பால் எனப் பகுபடும். பலர்பாலோ அப்பகுப்பின்றி இருபாலாரையும் தழுவும். ஆதலின் பிற்பட்ட மொழிபெயர்ப்பு மூலத்தின் கருத்தை ஐயமற விளக்குகிறது.

பழைய மொழிபெயர்ப்பு ஆளும் 'சாயல்' என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. தொல்காப்பியர் உரியியலில் இதற்கு மென்மைப் பொருள் கூறுவர். பண்டைப் புலவர் மயிலின் எழிலையும் மகளிரின் நயத்தையும் இச்சொல்லாற் புனைந்துரைத்தனர். இங்ஙனம் மகளிர்க்குரிய அணியாய் நின்ற சொல்லே, ஒப்புமைப் பொருள் பெற்று, தமிழ்க் கிறித்தவர் நாவில் மக்கள் இறைவனை ஒத்திருக்கும் ஒப்பிற்குப் பெயராயிற்று. மொழிபெயர்த்தோர் இதனை எண்ணியே செய்தனர் எனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இறைச்சாயல் பெண்ணுக்குப் புறம்பானது என்று கூறுதற்குத் தமிழ்ச்சொல் ஒருபோதும் துணைசெய்யாது என்பது தெளிவு.

ஈண்டு ஒரு முறைவைப்பு நோக்கத்தக்கது. சாயல் முன்னர், துணை பின்னர். பெண்ணின் மதிப்பு அவள் ஒருவனுக்கு மனைவியாதற்கு முன்னரே நிலைபெற்றுவிட்டது. ஆதலின் மணவாதாரும், கணவனை இழந்தாரும், மகப்பேறு வாயாதாரும் அம்மதிப்பில் அணுவளவும் குறைந்தவரல்லர். மணம் அதனைத் தருவதும் இல்லை. மணமின்மை அதனைப் பறிப்பதும் இல்லை.

ஏசேர்

இனித் துணை என்பதன் மூலச்சொல்லைக் காண்போம். அது 'ஏசேர்' என்பது. தமிழ்க் கிறித்தவர்க்கு இச்சொல் புதிதன்று. எபெனேசர், எலியேசர் என ஆடவர்க்கு இட்டு வழங்கும் பெயர்களின் ஈற்றில் நிற்பது இதுவே. முன்னது 'உதவியின் கல்' என்றும், பின்னது 'என் இறைவன் உதவி' என்றும் பொருள்படும்.

பழைய ஏற்பாட்டில் ஏசேர் என்னும் பெயர்ச்சொல் ஏறத்தாழ இருபது இடங்களில் வருகிறது. அவற்றுட் பெரும்பாலானவை இறைவனையே குறிப்பன. ஏசாயா 30:5 போன்ற சில இடங்கள், இடர்ப்பட்ட நாடு வேற்று நாட்டினிடத்து எதிர்பார்க்கும் படைத்துணையைக் குறிப்பன. பெண்ணைக் குறிப்பன தொடக்கநூலின் இரண்டே இடங்கள். இவற்றுள் ஓரிடத்தும் இச்சொல் ஏவல் செய்வோரைச் சுட்டவில்லை. தன்னால் இயலாத நிலையில் ஒருவனுக்கு வந்து வலிமை தருவது எதுவோ அதுவே ஏசேர்.

தமிழில் மட்டும் ஓதுவார்க்கு இவ்வொற்றுமை எளிதிற் புலனாவதில்லை. பழைய மொழிபெயர்ப்பு இவ்வொரு சொல்லையே சங்கீதம் 121இல் 'ஒத்தாசை' என்றும், 124:8இல் 'சகாயம்' என்றும் வெவ்வேறாகப் பெயர்க்கிறது. ஆயினும் சங்கீதம் 115இன் 9 முதல் 11 வரையுள்ள வசனங்களில் இறைவன் மும்முறை 'துணை' எனவும் 'கேடகம்' எனவும் கூறப்படுகிறான். தொடக்கநூல் பெண்ணுக்குக் கூறிய அதே தமிழ்ச்சொல் ஈண்டு இறைவனுக்கு ஆயிற்று. கேடகத்தோடு எண்ணப்படும் துணையை ஏவலாள் எனக் கொள்வார் யார்?

தமிழில் துணை

தமிழ் வழக்கும் இதற்கு அரணாக நிற்கிறது. வள்ளுவர் இல்லாளைப் பற்றிய அதிகாரத்திற்கு 'வாழ்க்கைத் துணைநலம்' எனவும், அறிவினும் ஆண்டினும் மூத்தோரைச் சார்தல் பற்றிய அதிகாரத்திற்குப் 'பெரியாரைத் துணைக்கோடல்' எனவும் பெயர்கள் வழங்குகின்றன. பின்னதன்கண் துணையாவார் அரசனினும் சிறியரல்லர்; அவன் தேடிச் சென்று தனக்கு உரியராக்கிக் கொள்ளத்தக்க பெரியர். வலியறிதலில் துணைவலி அரசன் தூக்கிப் பார்க்கும் வலிகளுள் ஒன்றாகிறது. மடல்களின் தலைப்பிலும் திருமண அழைப்புகளிலும் 'கடவுள் துணை' என எழுதுதல் நம்மவர் மரபு. அதனைக் காண்பார் ஒருவரும் கடவுள் நமக்கு அடுத்த நிலையினர் எனக் கருதுவதில்லை. அவ்வழைப்பின் கீழ்ப்பகுதியில் மணமகளைக் குறிக்க வரும் 'வாழ்க்கைத் துணை' என்பதில் மட்டும் அச்சொல் தாழ்ந்துவிடுவது எங்ஙனம்?

அத்தாழ்வு வந்த வழி பிறிதொன்று. துணைத்தலைவர், துணையாசிரியர், துணைச்செயலாளர் என இக்கால அலுவல் வழக்கில் இச்சொல் இரண்டாம் நிலையைக் குறிக்கும் முன்னொட்டாயிற்று. அன்றாடம் கேட்கும் இப்பொருள் பழம்பொருளை மறைத்துவிட்டது. இவ்வழக்கிலும் துணைவேந்தரே பல்கலைக்கழகத்தை நடத்துபவர் என்பதனை இவ்விதழ் படிப்போர் நன்கறிவர். பிற்காலத்து அலுவற்பொருளைத் தொன்மையான திருநூலின்மேல் ஏற்றியுரைத்தல் உரைநெறியாகாது.

நேர்

ஏசேர் இறைவனுக்கும் உரிய சொல்லாயின், பெண் ஆணினும் மேலானவள் எனப் பொருள்படாதோ எனின், படாது. மூலத்தில் அச்சொல்லை அடுத்துக் 'கெநெக்தோ' என்னும் அடை நிற்கிறது. 'அவனுக்கு எதிர்நிற்பது போன்ற' என்பது அதன் சொற்பொருள். முகத்துக்கு முகம் நிற்பார் ஒருவர்க்கொருவர் மேலும் அல்லர், கீழும் அல்லர். இவ்வடையைப் பழைய மொழிபெயர்ப்பு 'ஏற்ற' எனவும் புதியது 'தகுந்த' எனவும் பெயர்க்கின்றன. இரண்டும் பொருத்தத்தை உணர்த்துமேயன்றி எதிர்நிற்றலை உணர்த்தா. 'யார்க்கு ஏற்ற?' என்னும் வினா எழுந்து, ஆணே அளவுகோல் என்னும் மயக்கத்திற்கும் அவை இடந்தருகின்றன.

தமிழில் 'நேர்' என்னும் சொல் எதிர்முகமாதலையும் ஒப்பாதலையும் ஒருங்கே குறிக்கும். நேர்நின்றான் என்புழி முன்னதும், நேரில்லை என்புழிப் பின்னதும் காண்க. மூலத்தின் இருபொருளையும் ஒருசேரத் தாங்கும் இச்சொல்லை மேற்கொண்டு 'நேர்துணை' எனப் பெயர்த்தல் ஆராயத்தக்கது. 'இணை' என்பது ஒப்பினைத் தரும். ஆயின் உதவியை விட்டுவிடும். நேர்துணை இரண்டினையும் காக்கும்.

'விலா எலும்பு' என்னும் பெயர்ப்பும் இதனோடு இயைவது. மூலத்தில் உள்ள 'செலா' என்னும் சொல், விடுதலைப் பயணம் 25:12இல் உடன்படிக்கைப் பேழையின் பக்கத்தைக் குறிக்கிறது. தமிழிலும் விலா என்பது தனித்து நின்று உடலின் பக்கத்தையே குறிக்கும். ஆதலின் ஒரு சிற்றெலும்பினின்று தோன்றிய சிறுமை என்பதினும், ஒரு பாதியினின்று தோன்றிய மறுபாதி என்பதே சொல்லோடு ஒத்துவரும்.

இலக்கியச் சான்று

இக்கருத்துத் தமிழ்க் கிறித்தவ எழுத்தாளர் படைப்பில் உருப்பெற்றமைக்கு ஒரு சான்று காட்டலாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், பெண்கல்விக்காக எழுதியவர், 'பெண்மதிமாலை' பாடியவர். தமிழின் முதல் நாவலாகிய அவரது 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதன்கண் கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆணுடை பூண்டு அவனைத் தேடிச் செல்கிறாள், விக்கிரமபுரிக்கு அரசாகிறாள், ஆண்டுச் சிறைப்பட்டிருந்த கணவனை விடுவிக்கிறாள். அந்நாவல் விவிலிய விளக்கமன்று. அதன் மாந்தரும் கிறித்தவரல்லர். ஆயினும் இடர்ப்பட்டவனுக்கு வலிமையோடு வந்து உதவுவது என்னும் ஏசேரின் பொருளுக்குத் தமிழ்க் கதையுலகில் ஞானாம்பாளினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காணல் அரிது.

முடிபு

புதிய ஏற்பாட்டில் மகளிரின் அடக்கத்தையும் அமைதியையும் வற்புறுத்தும் இடங்கள் உண்மையான், இம்முடிபு அவற்றோடு முரணும் எனச் சிலர் கருதலாம். அவ்விடங்கள் தனித்து ஆராய்தற்குரியன. அவற்றின் பொருள் எவ்வாறு முடியினும், தொடக்கநூலின் சொற்களுக்கு இல்லாத பொருளை அவை உண்டாக்கமாட்டா. கிறித்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமையில்லை என்னும் கருத்து, கலாத்தியர் 3:28இல் அதே பவுலடியாராற் கூறப்பட்டிருத்தலும் மறத்தற்குரியதன்று.

ஆதலின் மணமேடையில் அப்பகுதியை விளக்குவோர் இரண்டனைக் கைவிடாதிருத்தல் வேண்டும். ஒன்று, சாயலைக் கூறிய பின்னரே துணையைக் கூறுதல். மற்றொன்று, துணையைக் கூறுங்கால் அச்சொல் இறைவன்மேலும் வருவதனை உடன் கூறுதல். இவ்விரண்டனையும் கேட்கும் பெண், தன் பெருமை பிறர் தந்ததன்று, படைப்பிலேயே பெற்றது என்பதனை அறிவாள். அவளருகே நின்று கேட்கும் ஆணும் தனக்கு வாய்த்தது ஏவலன்று, வலிமை என்பதனை உணர்வான்.